தேர்வு வருகிறது, தூக்கத்தைக் குறைக்காதீர்கள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலை முதல் பாடவேளையில் வகுப்புகளைச் சுற்றி வருவது என் வழக்கம். இப்போதெல்லாம் எந்த வகுப்புக்குப் போனாலும் இரண்டு மூன்று பிள்ளைகள் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே படாதபாடு படுகிறார்கள். காரணம் கேட்டால், "ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் படிச்சேன் டீச்சர்" என்கிறார்கள். சிலர் கைபேசியை எப்போது கீழே வைத்தோம் என்றே தெரியாது என்று உண்மையைச் சொல்கிறார்கள். தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். படிப்புக்கு நேரம் வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் தூக்கத்தையும் விளையாட்டையும் வெட்டாதீர்கள்.

6 முதல் 12 வயதுவரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பத்தாம் வகுப்புப் பிள்ளை இரவு பத்து மணிக்குள் தூங்கியிருந்தால்தான் அந்தக் குறைந்தபட்சக் கணக்கே நிறைவேறும். பகலில் படித்ததை மூளை தூக்கத்தின்போதுதான் மறுபடி ஓட்டிப் பார்த்து நிலைநிறுத்துகிறது. ஆகவே நள்ளிரவு தாண்டிப் படிக்கும் பிள்ளை, அதுவரை படித்தது மனத்தில் பதிவதற்கான நேரத்தைத்தான் செலவழிக்கிறது. மறுநாள் கவனமும் குறைகிறது, கோபமும் எளிதில் வருகிறது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இரவில் தூக்கம் வரவில்லை என்றால் அதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ எண்ணிவிடாதீர்கள். பருவமடையும் காலத்தில் உடலின் உள்கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது, தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகச் சுரக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். நேரம் கிடைத்ததென்று பிள்ளைகள் அந்த அளவுக்கு இரவு விழித்திருக்கவில்லை, 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். நம் பள்ளி நேரத்தை மாற்றுவது என் கையில் இல்லை. ஆனால் படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும் வெளிச்சத்தைக் குறைப்பது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தபோது இருந்ததைவிடத் தூக்கம் வரத் தாமதமானது, காலையில் மந்தமும் கூடியது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான் என்றாலும், அவர்கள் படித்தது வெறும் புத்தகம். நம் பிள்ளைகள் பார்ப்பதோ ஒன்று முடியும் முன் அடுத்தது ஓடும் காணொளிகளை.

கைபேசி இரவில் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். உங்களுடையதும் அப்படியே. பெற்றோர் தலைமாட்டில் கைபேசி இருக்கும்வரை பிள்ளையிடம் சொல்லும் சொல் எடுபடாது.

விளையாட்டைப் பற்றி எழுதும்போது என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு தேர்வு மாதங்களில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் மாற்றிக் கொடுத்தவள் நான். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். இனி அது நடக்காது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம், 85 விழுக்காடு. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நின்று பாருங்கள்.

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. சீனாவின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு. வெயில் வெளிச்சத்தில் இருப்பதே மருந்தாகியிருக்கிறது.

மனநலத்தைப் பற்றிப் பேசப் பல வீடுகளில் இன்னும் தயக்கம் இருக்கிறது. மனநலச் சிக்கல்களில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்பதால்தான் இதை எழுதுகிறேன். விரும்பி விளையாடியதை விட்டுவிடுவது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, தூக்கமோ பசியோ மாறுவது, சின்ன விஷயத்துக்கும் வெடிப்பது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக விரும்புவதுபோல் ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். எங்களிடமும் சொல்லுங்கள், அது என் அறையைத் தாண்டாது. பள்ளியிலிருந்து வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன் "இன்னைக்கு யாரோட விளையாடின?" என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு, நெருக்கமான உறவுகள் உள்ளவர்களே உடலாலும் மனத்தாலும் நலமாக இருக்கிறார்கள் என்று காட்டுகிறது. அந்த நெருக்கம் இப்படிப்பட்ட பேச்சில்தான் வளரும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்ததில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. இரவு பல் துலக்கியதும் கைபேசியைக் கூடத்தில் வைப்பது என்று, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு புதியதைக் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தவறினால் திட்ட வேண்டாம், மறுநாள் தொடரட்டும்.

பள்ளியின் பங்குக்கு, தேர்வு முடியும்வரை எந்த வகுப்பிலும் விளையாட்டுப் பாடவேளை ரத்தாகாது. இரவு ஏழு மணிக்குமேல் எந்த ஆசிரியரும் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்ப மாட்டார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைத் தருவதற்கு முன், உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று வகுப்பாசிரியர் கேட்பார். சரியான நேரத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்