பரணில் ஒரு சாவி

மாப்ள,

போனிலேயே பேசிக்கொள்ளலாமே என்பாய். இங்கே சிக்னல் போய்ப் போய் வருவதால் நம் பேச்சு எப்போதும் பாதியில் அறுந்துவிடுகிறது, அதனால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் நலமா? அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? பட்டறையில் பொங்கல் ஆர்டர் வர ஆரம்பித்திருக்கும், வெள்ளி விலை ஏறியதிலிருந்து கொலுசின் எடையைக் குறைத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னாயே, இப்போதும் அப்படித்தானா? இங்கே காபிப் பழம் பறிப்பு நடக்கிறது. காலை பத்து மணி வரைக்கும் பனி விலகுவதில்லை, களத்தில் காயப்போட்டதை மூடுவதும் திறப்பதுமாகவே பகல் போய்விடுகிறது.

முதலில் உனக்கு நன்றி. திருடுபோன என் ஆன்லைன் கேம் அக்கவுன்ட் திரும்பி வந்துவிட்டது. நேற்று ராத்திரி கேமுக்குள் போய்ப் பார்த்தேன், என் ஆள் அதே சத்திரத்து வாசலில் அதே பச்சை அங்கியோடு நிற்கிறான். நீ அந்தப் பழைய அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து தேடி எடுத்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. பெயர், பிறந்த தேதி, பழைய பாஸ்வேர்டு என்று நான் எதைச் சொன்னாலும் கேம் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அதெல்லாம் திருடனுக்கும் தெரிந்திருக்கலாம் இல்லையா, அவர்கள் பக்கம் நியாயம்தான். அவர்கள் கேட்டது முதன்முதலில் வாங்கிய கேம் பெட்டிக்குள் இருந்த சீரியல் நம்பரை. உன் சிங்கப்பூர் சித்தப்பா 2010-இல் நம் இருவருக்கும் வாங்கி வந்த பெட்டிகள் அவை, அப்பா பார்த்தால் திட்டுவார் என்று என்னுடையதையும் உன் வீட்டிலேயே வைத்துவிட்டேன். நீ அனுப்பிய படத்தில் அந்த நம்பர் ஓரம் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அனுப்பிய மூன்றாம் நாள் அக்கவுன்டைத் திறந்துவிட்டார்கள், மொத்தம் பதினொரு நாள் ஆனது.

கேமுக்குள் சேர்த்த தங்கமெல்லாம் போய்விட்டது, அது கிடக்கட்டும், சேர்த்துக்கொள்ளலாம். எனக்குப் பதறியது நீ அடித்துக் கொடுத்த அந்த வாளுக்குத்தான். அஸ்தம்பட்டி நெட் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருந்தோம், நீ மூன்று வாரம் தாது தோண்டித் தோண்டிச் சேர்த்து, ஒரு சனிக்கிழமை மதியம் அதைச் செய்து என் பைக்குள் போட்டாய். அதன் மேல் கர்சரை வைத்தால் கடைசி வரியில் செய்தவர் என்று உன் ஆளின் பெயர் வரும். திருடன் அதை விற்க முடியாததால் உடைத்துப் பொடியாக்கியிருந்தான். அதையும் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். உன் பெயர் அப்படியே இருக்கிறது, நேற்று பார்த்தேன்.

எப்படிப் போனது என்று நீ அன்றைக்குக் கேட்டாய், சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். என் வீடு இருக்கிற பள்ளத்தில் டவர் எடுக்காது. நெட் கேபிள் வழியாக வந்துவிடுகிறது, எஸ்எம்எஸ் மட்டும் வராது. ஓடிபி வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு தண்ணித் தொட்டி மேடு வரைக்கும் ஏறி, நம்பர் வரும்வரை நின்று, வந்ததும் காலாவதி ஆவதற்குள் ஓடிவந்து டைப் செய்ய வேண்டும். வருஷக்கணக்காக இப்படி ஓடியதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது, திரையில் ஆறு கட்டம் தெரிந்தால் போதும், மேலே முகவரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே நம்பரைப் போட்டுவிடுவேன். அக்டோபர் மழையில் ஒரு ராத்திரி, நம் குழுவில் இருக்கிற ஒருவனின் அக்கவுன்டிலிருந்து எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு என்று ஒரு லிங்க் வந்தது. அவன் அக்கவுன்டும் ஏற்கெனவே பறிபோயிருந்தது, அது எனக்கு அப்போது தெரியாது. பாஸ்வேர்டைப் போட்டேன், ஓடிபி கேட்டது, நனைந்துகொண்டே மேட்டுக்கு ஏறி இறங்கி அதையும் போட்டேன். அது அச்சு அசலாகச் செய்த போலிப் பக்கம். நான் போட்ட நம்பரை அந்தப் பக்கத்தில் இருந்தவன் அந்த நொடியே அசல் பக்கத்தில் போட்டு உள்ளே போய்விட்டான். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டை வைத்திருந்தேன், அதனால் மெயிலும் போயிற்று, கால் மணி நேரத்தில் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது.

அந்தப் பதினொரு நாளும் இதைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருந்தேன். முடிவில் இரண்டு செக்யூரிட்டி கீ வாங்கிவிட்டேன், கம்ப்யூட்டரில் செருகி உள்ளே வருவது நான்தான் என்று காட்டுகிற சின்னக் கருவி அது. கட்டைவிரல் அகலம்கூட இருக்காது, வண்டிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இந்த யோசனை புதிதும் இல்லை மாப்ள. நாம் நெட் சென்டரில் சுற்றித் திரிந்த காலத்திலேயே இருந்திருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமை நடத்தும் பிளிசார்ட் கம்பெனி 2008-லேயே ஆறரை டாலருக்கு ஒரு சின்ன டோக்கன் விற்றது, பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு நம்பர் வரும், அதைப் போட்டால்தான் உள்ளே போகலாம். வாங்கி இணைத்தவர்களுக்கு ஆட்டத்துக்குள் இரண்டு தலை நாய்க்குட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 11-இல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்குப் பொருள் வைக்கக் கூடுதலாக ஒரு பை. ஆட்டக்காரனைப் பாதுகாப்பு பக்கம் இழுக்க நாய்க்குட்டியும் பையும் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அவன் மனசு தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

அந்த டோக்கனுக்குள் சிக்னலும் இல்லை, இணையமும் இல்லை. அப்புறம் எப்படி நம்பர் பொருந்துகிறது என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். முறுக்கு பிழிகிற மாதிரிதான். தொழிற்சாலையிலேயே ஒரு ரகசிய எண்ணை டோக்கனுக்குள்ளும் சர்வரிலும் வைத்துவிடுகிறார்கள், அதுதான் மாவு. இப்போதைய நேரம்தான் அச்சு. ஒரே மாவை ஒரே அச்சில் இரண்டு பேர் இரண்டு ஊரில் பிழிந்தாலும் ஒரே முறுக்குதான் விழும். ஆனால் முறுக்கைப் பார்த்து மாவைக் கண்டுபிடிக்க முடியாது, அடுத்த முறுக்கு எப்படி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இதற்கு 2011-இல் ஒரு பொது விதியே எழுதிவிட்டார்கள், இன்றைக்கு போனில் இருக்கிற ஆத்தென்டிகேட்டர் ஆப்கள் முப்பது விநாடிக்கு ஒரு முறை நம்பர் மாற்றுவது அந்த விதிப்படிதான். பள்ளத்தில் இருக்கிற எனக்கு இதுவே பெரிய விஷயம், தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டாமே!

ஆனால் எனக்கு நேர்ந்ததை இந்த டோக்கன் தடுத்திருக்காது. நம்பர் என்று ஒன்று இருந்தால் அதை நான் போலிப் பக்கத்திலும் போடலாம். 2010-இல் வார்கிராஃப்ட் ஆடியவர்களுக்கே இது நடந்தது, கம்ப்யூட்டருக்குள் ஒரு நச்சு நிரல் புகுந்து, அவர்கள் டோக்கன் பார்த்து அடித்த நம்பரைப் பிடுங்கி, அவர்களுக்குத் தப்பு என்று காட்டிவிட்டு, அங்கே திருடன் அதை வைத்து உள்ளே போனான். நான் வாங்கியிருக்கிற புதுவகைக் கீயில் டைப் செய்ய நம்பரே கிடையாது. கீக்குள் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ஒரு சாவி பிறக்கிறது, அது ஒருநாளும் கீயை விட்டு வெளியே வராது. தளம் ஒரு கேள்வியை அனுப்பும், கீ அதற்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும், எந்த முகவரியிலிருந்து கேள்வி வந்தது என்பதையும் பிரவுசர் அந்தக் கையெழுத்தோடு சேர்த்துவிடும். தளத்தின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் கீ அசையாது. நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், மழையில் நனைந்து ஓடிவந்தாலும், என்னை ஏமாற்றுவது போல அதை ஏமாற்ற முடியாது. கீயில் விளக்கு மினுக்கும்போது விரலால் தொடவும் வேண்டும், எங்கோ இருக்கிறவன் என் கம்ப்யூட்டரைப் பிடித்தாலும் தொடுவதற்கு என் விரல் இருக்காது.

இதை ஃபிடோ என்று சொல்கிறார்கள், பிரவுசர்களுக்கான பொதுத் தரமாக 2019-இல் வந்துவிட்டது. கூகுள் 2017-இல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்தக் கீயைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஒரு வேலை அக்கவுன்ட்கூடப் போலிப் பக்கத்தால் பறிபோனதாகத் தெரியவில்லை என்று அடுத்த வருஷம் சொன்னார்கள். அதைப் படித்த அன்றைக்குத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

எல்லா கேமும் இதை நேராக ஏற்பதில்லை, அதுதான் எனக்கு இருக்கிற வருத்தம். உன் பையன் ஆடுகிற ராப்லாக்ஸ் ஏற்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் ஏற்கும், கேம் விற்கிற ஸ்டீம் தளத்துக்கு அதன் சொந்த ஆப்தான். நம் கேமும் இன்னும் ஆறு இலக்க நம்பரைத்தான் கேட்கிறது. அதனால் நான் செய்தது இது: முதலில் மெயிலுக்குக் கீயைப் போட்டேன். கேம் அக்கவுன்டுக்கு வேர் அந்த மெயில்தான், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று யார் அழுத்தினாலும் கடிதம் அங்கேதான் போகும். அப்புறம் நான் வாங்கிய கீயில் அந்த முப்பது விநாடி நம்பருக்கான ரகசியத்தையும் சேமிக்க முடிகிறது. கீயைச் செருகினால்தான் ஆப்பில் நம்பர் தெரியும், போன் தொலைந்தாலும் ரகசியம் அதோடு போகாது. பாஸ்வேர்டுகளையும் தனித்தனியாக மாற்றிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பையனிடம் கண்டிப்பாகச் சொல்லு. கீ வாசலில் நிற்கிற காவல்தான். ஒரு தடவை உள்ளே போனதும் பிரவுசர் ஒரு குக்கியை, அதாவது ஏற்கெனவே உள்ளே வந்தவன் என்பதற்கான அடையாளச் சீட்டை, வைத்துக்கொள்கிறது, கேம் ஆளுக்கு இலவச ஸ்கின், ஜெயிக்கக் குறுக்குவழி தரும் சீட் புரோகிராம் என்று எதையாவது இறக்கி ஓட்டினால் அது அந்தக் குக்கியையே சுருட்டிக்கொண்டு போய்விடும், கீ இருந்தும் பயனில்லை. கண்ட கண்ட ஃபைலையும் திறக்காமல் இருப்பதற்குப் பதிலாக எந்தக் கருவியும் இன்னும் வரவில்லை.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. இரண்டு கீ வாங்கினேன் என்றேன் இல்லையா, ஒன்று தொலைந்தால் இன்னொன்று வேண்டும், இரண்டையும் முதல் நாளே எல்லா அக்கவுன்டிலும் பதிந்துவிட்டேன். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்தால் பாதி காரியம்தான் ஆனது மாதிரி. இங்கே ஒரு மழைக்கு ஓடு சரிகிறது, குரங்கு ஜன்னல் வழியாக வந்து கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதனால் இரண்டாவது கீ உன் வீட்டுப் பரணில், அந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பதினைந்து வருஷம் ஒரு பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தவன் வீட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. யார் கையில் கிடைத்தாலும் என் பாஸ்வேர்டு தெரியாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பின் நம்பர் போட்டிருக்கிறேன், எட்டு தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். நீயும் இரண்டு வாங்கு. பட்டறைக் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் உன் மெயிலில்தான் வருகிறது என்றாயே, அது என் வாளைவிடப் பெரிய விஷயம். உன்னுடைய இரண்டாவது கீயை என்னிடம் கொடு, மிளகு வைக்கிற தகர டப்பாவில் போட்டு அலமாரிக்குள் வைக்கிறேன், அங்கே குரங்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். இருபது வளைவும் முடிந்து அடிவாரம் வந்ததும் போன் செய்கிறேன், அங்கேதான் எனக்கு முழு சிக்னல் வரும். நீ ஐந்து ரோட்டுக்கு வந்துவிடு. அம்மாவுக்குப் புதுக் காபிப்பொடி கொண்டு வருகிறேன், பையனுக்கு ஒரு கிலோ ஆரஞ்சும். உன் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு வை, நம் இரண்டு பேர் மெயிலையும் மதியத்துக்குள் முடித்துவிட்டு சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் சாப்பிடப் போகலாம். ராத்திரி நேரம் இருந்தால் நீயும் உள்ளே வா, உன் ஆள் எந்த ஊரில் நிற்கிறான் என்று உனக்கே மறந்திருக்கும், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து உன் மாப்ள