கோத்தகிரியிலிருந்து, வலியைப் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை, பச்சைத் தேயிலை விலை வழக்கம்போல ஏறுவேனா என்கிறது. அதை விடு. ரிட்டயர் ஆன கையோடு தத்துவம் படிக்க உட்கார்ந்துவிட்டாய், ஃபங்ஷனலிசம் மனசைப் பற்றிய எல்லாக் கேள்வியையும் தீர்த்துவிட்டது என்று வேறு எழுதியிருக்கிறாய், அதற்குத்தான் இந்தப் பதில்.

பாதி தூரம் நானும் உன்னோடு வருகிறேன். மனநிலை எதனால் ஆனது என்று பார்க்காதே, என்ன வேலை செய்கிறது என்று பார். ஃபங்ஷனலிசம் என்று 1960களில் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஹிலரி பட்னம் சொன்னது அதுதானே. மூளையின் இன்ன நிலைதான் வலி என்று அடித்துச் சொன்னால், நம்முடையதைப் போன்ற மூளை இல்லாத ஆக்டோபஸுக்கு வலிக்கவே வலிக்காது என்று ஆகிவிடும் என்றார். சரியான அடி. நம்ம மலை ரயிலை குன்னூர் வரை நீராவி தள்ளுகிறது, அதற்கு மேல் டீசல், இரண்டும் இன்ஜின்தான்.

ஆனால் எங்கள் அத்தைக்குச் சர்க்கரை முற்றி பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டது. போன மாதம் தோட்டத்தில் கவாத்துக் குச்சி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது, சாயங்காலம் வரை அதோடேயே நடந்திருக்கிறார், தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து அக்காதான் கத்தினாள். தினமும் ராத்திரி கண்ணாடியைக் கீழே வைத்துப் பாதத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். இப்போது காயம் பட்டால் கண்ணாடி காட்டிக்கொடுக்கிறது, அத்தை பதறுகிறார், மருந்து போடுகிறார், மறுநாள் அந்தக் காலை ஊன்றாமல் நடக்கிறார். வலி பார்க்கவேண்டிய வேலை நடக்கிறது, வலியைத்தான் காணோம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கண்ணாடி செய்வது கால்வாசி வேலைதான், வலி தூக்கத்தைக் கெடுக்கும், வேறு நினைப்பை ஓடவிடாது, எப்படியாவது தொலைந்தால் போதும் என்று ஏங்கவைக்கும், அதெல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு என்பாய். நியாயம். சரி, சேர்த்துக்கொள். செருப்பில் ஒரு சென்சார் வை, அலறட்டும், அத்தையை ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் பண்ணட்டும். அப்போதாவது கால் வலிக்குமா? 1978இல் நெட் பிளாக் என்ற இன்னொரு தத்துவ ஆசிரியர் இதையே பெரிய அளவில் கேட்டார்: சீன தேசத்து ஜனங்கள் அத்தனை பேரும் ரேடியோவில் பேசிப் பேசி ஒரு மூளையின் வேலையைப் பங்கு போட்டுச் செய்தால், அந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக வலிக்குமா என்று. வலிக்காது என்று நிரூபிக்க என்னால் ஆகாது, வலிக்கும் என்று சொல்லவோ வாய் வரவில்லை.

ஆகவே நம்பிக்கை, ஆசை, திட்டம் போடுவது, இதற்கெல்லாம் உன் கொள்கை சரி, வலிக்குச் சரிப்படாது என்பது என் கட்சி. இதில் ஒரு வேடிக்கை. பட்னமே 1988இல் தன் கொள்கையைக் கைகழுவினார், அதுவும் முக்கியமாக நம்பிக்கை, அர்த்தம் பற்றிய சிக்கலால். நான் உனக்கு விட்டுக்கொடுத்த பாதியிலேயே அவர் கை வைத்துவிட்டார், எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை. நீ அதற்கு என்ன சொல்கிறாய் என்று எழுது.

டிசம்பரில் வருவதென்றால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பு, குஞ்சப்பனை செக்போஸ்டில் கேட்பார்கள்.

உன்
மணி