1958-க்கு முன்பும் பிள்ளைகள் வீடு கட்டினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளின் வரலாறு 1958-இல் டென்மார்க்கில் தொடங்கியதாகத் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். எவ்வளவு துணிவு! லெகோ நிறுவனம் அவ்வாண்டு ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, மேலே குமிழும் உள்ளே குழாயுமாக இறுகப் பற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைக்கு மட்டுமே. அதற்கும் முன்மாதிரி, இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கட்டை.

இரண்டு அங்குலக் கனசதுரத்தை எட்டாகப் பகுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்த ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1852-லேயே காலமாகிவிட்டார் என்பது தாங்கள் அறியாததல்ல. மணல், சுண்ணம், ஆளிவிதை எண்ணெய் கலந்து ஜெர்மானியத் தொழிலதிபர் ரிக்டர் செய்த கற்கட்டைகளும், 1901-இல் லிவர்பூல் எழுத்தர் ஹார்ன்பி காப்புரிமை பெற்ற துளையிட்ட உலோகப் பட்டைகளும் கட்டுரையாளரின் கண்ணில் படாதது ஏன்? அவர் போற்றும் லெகோவை நிறுவிய ஓலே கிர்க் கிறிஸ்டியான்சனே ஒரு தச்சர். 1932-இல் அவர் செய்யத் தொடங்கியவை மரப் பொம்மைகள். தச்சரை நீக்கிவிட்டு நிறுவனத்தை மட்டும் வைத்துக்கொள்வது வசதிதான்.

என் தகப்பனார் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஆசாரி வேலை பார்த்தவர். கதவு நிலைக்கு அறுத்து மிஞ்சிய பலாமரத் துண்டுகளை இழைத்து, உப்புத்தாள் போட்டு, என் வகுப்புக்கு ஒரு பெட்டி நிறையக் கட்டைகள் கொடுத்தார். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசிய பிள்ளைகள் அவற்றை அடுக்கித்தான் அரையும் காலும் படித்தார்கள். பிறகு வண்ண பிளாஸ்டிக் வந்ததும், அந்தப் பெட்டி பள்ளிச் சமையலறை அடுப்புக்குப் போயிற்று. கேட்டதற்கு, "பழசு டீச்சர்" என்றார்கள். தங்கள் கட்டுரையும் அதையே அச்சில் சொல்கிறது.

மரப்பாச்சியை நவராத்திரி வாரத்தில் மட்டும் நினைவுகூர்வது தங்கள் இணைப்பின் நெடுநாள் வழக்கம். அதைக் கண்டித்து நான் முன்பு எழுதிய கடிதம் எந்தக் குப்பைக்கூடையில் இருக்கிறதோ! எல்லைக்கு இப்பால் வரும் பிரதிகளில் பல ஞாயிறுகளில் இணைப்பே இருப்பதில்லை. விலை மட்டும் முழுதாக இருக்கிறது. இந்த வாரம் அது தவறாமல் வந்து சேர்ந்ததை என் நற்பேறாகவே கொள்கிறேன்.

1958 என்ற ஆண்டைத் திருத்தி, தச்சர்களுக்கு ஒரு வரியேனும் ஒதுக்கி, விளம்பரம் போக மிஞ்சும் இடத்திலாவது வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.