எக்ஸ் பார்ட்டி என்றால் முன்னாள் பார்ட்டி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழில் நீதிமன்றச் செய்தி எந்த மூலையில் வந்தாலும் தேடிப் படிக்கிறவள் நான். அந்தச் செய்திகளில் வரும் சொற்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் பெரியப்பா மேல் ஒருவர் கடன் பாக்கி என்று வழக்குப் போட்டிருந்தார். கடனைத் தவணை தவணையாக அடைத்து முடித்ததற்கான ரசீதுகள் எல்லாம் பெரியப்பாவிடம் இருந்தன. தேதிவாரியாக அடுக்கி, நூல் கட்டி, ஒரு ஃபைலில் வைத்திருந்தார். ரசீது கையில் இருக்கும்போது வக்கீல் எதற்கு என்று யாரையும் அமர்த்தவில்லை. கண் அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் வாய்தா வந்தது, போக முடியவில்லை. பிறகு விசாரித்தபோது, "உங்களை எக்ஸ் பார்ட்டி ஆக்கியாச்சு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "எக்ஸ் மிலிட்டரின்னா முன்னாள் ராணுவத்தார்தானே? நான் இப்போ எக்ஸ் பார்ட்டி. கேஸ்லேர்ந்து என்னை எடுத்துட்டாங்க" என்றார். நாங்களும் நம்பினோம். ஃபைல் பரணுக்குப் போனது.

11 மாதம் கழித்து, தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லி எதிர்த்தரப்பு போட்ட மனுவின் நோட்டீஸ் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. எக்ஸ் பார்ட்டே என்ற லத்தீன் தொடருக்கு 'ஒரு பக்கத்திலிருந்து' என்று பொருள். ஒரு தரப்பு வராததால் வந்த தரப்பை மட்டும் கேட்டு முடிவு செய்வது. தமிழில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்கிறோம். பெரியப்பா வழக்கிலிருந்து வெளியே வரவே இல்லை. அவர் இல்லாமலே வழக்கு முடிந்து, முழுத் தொகையும் அவர் தலையில் விழுந்திருந்தது. வராமல் போனதற்குத் தக்க காரணம் காட்டினால் அப்படிப்பட்ட தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்க முடியும். ஆனால் அதற்குள்ள கெடு நாள் கணக்கில்தான் இருக்கும். நாங்கள் மாதக் கணக்கில் சும்மா இருந்துவிட்டோம். தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, தீர்ப்பை நீக்க இன்னொரு மனு, எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை, எல்லாம் முடிந்த பிறகுதான் நீதிமன்றம் அந்த ரசீதுகளைப் பார்த்தது. வழக்கு தள்ளுபடியானது. ஒரு சொல் புரிந்திருந்தால் அந்த அலைச்சலில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும்.

பெரியப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'எக்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'வெளியே', 'இருந்து' என்று பொருள். பதவியிலிருந்து வெளியே வந்தவரை எக்ஸ் என்பதும் அதே சொல்தான். படிக்கத் தெரிந்த மனிதர் தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாததை ஊகித்தார். அவர் தினமும் நாளிதழ் படிக்கிறவர். அத்தனை வருடத்தில் ஒரு செய்தியிலாவது அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அரை வரி விளக்கம் இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

லத்தீனையே ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கிலாந்தில் நீதிமன்ற ஆவணங்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று 1730இல் சட்டம் இயற்றினார்கள். 1733இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்படியும் லத்தீன் சொற்கள் போகவில்லை. 1999இல் அங்கே உரிமையியல் வழக்கு விதிகளைத் திருத்தியபோது எக்ஸ் பார்ட்டே என்பதற்குப் பதில் 'முன்னறிவிப்பு இல்லாமல்' என்று பொருள்படும் எளிய ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் பிறகு வக்கீல்கள் சிலவற்றை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மென்ஸ் ரியா என்றால் குற்ற மனம். வேண்டுமென்றே செய்தது, விளைவு தெரிந்தே செய்தது, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று துணிந்தது எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கும். சட்டம் படித்தவர்களுக்கு அது சுருக்கெழுத்து மாதிரி. அதை விரித்துச் சொல்லும் வேலை செய்தி எழுதுகிறவர்களுடையது.

சில இடங்களில் தமிழ்ச் சொல் லத்தீனைவிடத் தெளிவாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதற்கு நேர்ப்பொருள் 'உடலை நீ வைத்திருக்க வேண்டும்'. ஒருவரை அடைத்து வைத்திருக்கிறவரைப் பார்த்து, ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று காரணம் சொல் எனக் கேட்கும் கட்டளை அது. 'ஆட்கொணர்வு மனு' என்று படித்தவுடன் ஆளைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று யாருக்கும் விளங்கிவிடும். சைனே டியே என்பதை 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று எழுதுகிறீர்கள், அதுவும் அருமை. அமிக்கஸ் கியூரியை மட்டும் 'நீதிமன்றத்தின் நண்பர்' என்று அப்படியே விட்டுவிடுகிறீர்கள். நீதிபதிக்கு வேண்டியவர் போல என்று என்னிடமே ஒருவர் கேட்டார். வழக்கில் எந்தத் தரப்பையும் சேராமல், சட்ட விவரங்களைச் சொல்லி நீதிமன்றத்துக்கு உதவுகிறவர் என்று கூடவே எழுதினால் அந்தச் சந்தேகம் வராது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, தமிழிலேயே பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதுதான். 'ஜாமீனில் விடுதலை' என்று தலைப்பு வருகிறது. படிப்பவர் 'விடுதலை'யைத்தான் பார்க்கிறார். ஜாமீன் கிடைத்தவர் மேல் வழக்கு அப்படியே இருக்கிறது, கூப்பிட்டபோது வருவேன் என்ற உறுதியின் பேரில் வெளியே இருக்கிறார், அவ்வளவுதான். விசாரணை தொடங்கும் முன்பே, வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிப்பது வேறு. முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்வது வேறு. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கி வந்தவருக்கும் அநியாயம், பாதிக்கப்பட்டவருக்கும் அநியாயம். அதே மாதிரிதான் குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்று எழுதுவதும். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். தலைப்பில் இடம் போதவில்லை என்பது இதற்குக் காரணமாக முடியாது.

'முகாந்திரம் இருக்கிறது' என்ற வரியும் அப்படித்தான். பிரைமா ஃபேசி, அதாவது முதல் பார்வையில். மேலோட்டமாகப் பார்த்தால் விசாரிக்கத் தக்க விஷயம் இருக்கிறது என்று மட்டுமே நீதிமன்றம் சொல்கிறது. டீக்கடை பெஞ்சில் அது 'கோர்ட்டே சொல்லிடுச்சு' என்றாகிவிடுகிறது.

அப்புறம், நீதிபதி விசாரணையின்போது கேட்கும் ஒரு கேள்வியைத் தீர்ப்பு மாதிரிப் போடுவது. எழுதிய தீர்ப்புக்குள்ளேயே எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது. முடிவு எந்தக் காரணத்தின் மேல் நிற்கிறதோ அது ரேஷியோ டெசிடெண்டி. பிற்கால வழக்குகளில் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான். போகிற போக்கில் நீதிபதி சொல்லிச் செல்லும் கருத்துக்கு ஓபிட்டர் டிக்டா என்று பெயர். அதற்கு மதிப்பு உண்டு, கட்டுப்படுத்தும் வலு கிடையாது. விசாரணையின்போது வாய்மொழியாகக் கேட்ட கேள்விக்கு அந்த இடம்கூட இல்லை. வக்கீலின் வாதத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தான் நம்பாத ஒன்றையும் நீதிபதி கேட்பார். அதனால் 'நீதிமன்றம் கேள்வி', 'நீதிமன்றம் கருத்து', 'நீதிமன்றம் உத்தரவு' மூன்றையும் தயவுசெய்து பிரித்தே போடுங்கள்.

வாரம் ஒரு நாள் சட்டச் சொல் அகராதி என்று தனிப் பகுதி போடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை படித்தது, நோட்டீஸ் வரும் நாளில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? செய்தியில் அந்தச் சொல் வரும் இடத்திலேயே, வரும் ஒவ்வொரு முறையும் அரை வரி விளக்கம் வேண்டும். திரும்பத் திரும்பப் படித்தால்தான் மனதில் ஒட்டும்.

ரோமானியர்களிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் நீதிக் கொள்கை ஒன்று உண்டு: ஆடி ஆல்ட்டெரம் பார்ட்டெம், மறுதரப்பையும் கேள். எங்கள் பெரியப்பாவைத் தவறாக எண்ண வைத்த எக்ஸ் பார்ட்டேயில் இருக்கும் அதே சொல்தான் இங்கே வேறு வேற்றுமையில் வந்திருக்கிறது. வராதவரைக் கேட்காமல் முடித்த வழக்கைத் திரும்பத் திறக்க வழி வைத்திருப்பதே இந்தக் கொள்கைக்காகத்தான். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, அந்த இரண்டு மனுக்களுக்காக ஒரு வக்கீலின் எதிரே பல நாள் உட்கார்ந்திருந்ததால். எல்லாருக்கும் அப்படி உட்கார்ந்துதான் தெரியவர வேண்டும் என்று இருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. 'தடை' என்பதும் 'ரத்து' என்பதும் வேறு வேறு. இடைக்காலத் தடை என்றால் அந்த உத்தரவு உயிரோடுதான் இருக்கிறது, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை 'நீதிமன்றம் தடை' என்று தலைப்பு வைக்கும்போது, எதற்குத் தடை, எந்தத் தேதி வரை தடை என்று இரண்டாம் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி