வீடு தேடி வரும் மருத்துவமும் நோயாளியின் அந்தரங்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்ததோடு, படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் கிடைக்க வழிசெய்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மாத மாத்திரைக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், இத்திட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். இத்தகைய அரசுச் சேவைகளும், தொண்டு அமைப்புகள் நடத்தும் வீட்டுப் பராமரிப்புச் சேவைகளும் மக்களிடமிருந்து திரட்டுகிற தகவல்கள் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பது குறித்தே இக்கடிதம்.

தகவல் கசிவு என்றதும் எங்கோ தலைநகரில் இருக்கும் கணினியும், அதை உடைத்து நுழையும் திருடனும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 2023 ஜூனில், கோவின் தளத்தில் தடுப்பூசிக்குப் பதிவு செய்தவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைக்கின்றன என்ற செய்தி வந்தபோது நாடே பேசியது. தளம் பாதுகாப்பாகவே இருக்கிறது என்று மத்திய அரசு மறுத்தது. ஆனால் சாதாரண நோயாளிக்கு நேரும் சங்கடம் பெரும்பாலும் அவ்வளவு தொலைவிலிருந்து வருவதில்லை. அது பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது.

மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவர்கள். திட்டத்தின் பலமே இதுதான், ஏனெனில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து கதவைத் தட்டினால் எந்தப் பாட்டியும் கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்க்க விடமாட்டார். அதே சமயம், ஊர்க்காரர் ஒருவருக்கு நம் நோய் தெரிவது மாவட்டத் தலைநகரில் உள்ள அதிகாரிக்குத் தெரிவதைப் போன்றதன்று. ஒரே குழுவில் கடன் வாங்கித் தவணை கட்டுகிற பெண்கள், தங்களில் ஒருத்திக்குச் சிறுநீரகக் கோளாறு என்று அறிந்தால் அடுத்த கடனுக்கு அவள் பெயரை எழுதுவதற்குத் தயங்கமாட்டார்களா? காசநோய் என்று தெரிந்த வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிற காலம் இன்னும் போய்விடவில்லை. தன்னார்வலர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அல்ல; இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு தகவலைக் கையாள அவருக்கு என்ன பயிற்சியும் என்ன வசதியும் தரப்பட்டிருக்கின்றன என்பதே கேள்வி.

எந்தச் சேவையாயினும், வீடு வீடாகக் கொண்டுசெல்லப்படும் பதிவேட்டை ஒருமுறை பாருங்கள். கோடு போட்ட நீள நோட்டில் பெயர், வயது, கைப்பேசி எண், சர்க்கரை அளவு, மாத்திரையின் பெயர், எண்ணிக்கை, கடைசியில் கையெழுத்து. கையெழுத்துப் போடக் குனிகிறவர் தமக்கு மேலேயுள்ள பத்துப் பேரின் வரிகளைப் படிக்காமல் நிமிர முடியாது. மாத்திரையின் பெயரே நோயைச் சொல்லிவிடும் என்பது மருந்துக்கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். போதாதற்கு, வீட்டுக்குப் போனதற்குச் சான்றாக நோயாளியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கமும் பல சேவைகளில் புகுந்துவிட்டது. புண்ணுக்குக் கட்டுப்போடும் நேரத்தில், மேலாடை விலகிய நிலையில் எடுக்கப்பட்ட முதியவர் ஒருவரின் படம், எங்கள் பகுதித் தொண்டு அமைப்பு ஒன்றின் குழுவிலிருந்து கைமாறிக் கைமாறி என் கைப்பேசிக்கே வந்தது. அவருடைய மகனுக்கு அது தெரியாது. சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

இலவச மருத்துவ முகாம்கள் இன்னொரு வகை. திருமண மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு, பெயர், முகவரி, ஆதார் நகல், கைப்பேசி எண் எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே விடுகிறார்கள். கண்ணையும் சர்க்கரையையும் பரிசோதிப்பதற்கு ஆதார் நகல் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு முகாமுக்குப் போய்வந்த என் வீட்டாருக்குச் சில வாரங்களில் சர்க்கரை அளவு பார்க்கும் கருவி விற்பவரிடமிருந்தும், மருத்துவக் காப்பீட்டு முகவரிடமிருந்தும் அழைப்பு வந்தது. இருவரும் பெயரைச் சொல்லி, “உங்களுக்குச் சுகர் இருக்குல்ல” என்றே பேச்சைத் தொடங்கினார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவரது சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் தடைசெய்கிறது. அத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைக் காக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றும் அது சொல்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது பெரிய தொகைதான். ஆனால் இந்தச் சட்டம் கணினியில் ஏறிய தகவலுக்கும், தாளில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றப்பட்ட தகவலுக்கும் மட்டுமே பொருந்தும். தாளிலேயே தங்கிவிடும் அந்த நீள நோட்டுக்குப் பொருந்தாது.

‘நோயாளியிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டால் போயிற்று’ என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் நீட்டும் தாளில் யார்தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பார்? ஆதார் வழியே சுகாதார அடையாள எண் உருவாக்க “ஓ.டி.பி. சொல்லுங்கம்மா” என்றால், அந்த எண் கட்டாயமில்லை என்பதை அறியாமலே சொல்லிவிடுகிறார்கள். மேலும், அரசு தன் நலத்திட்டங்களை வழங்குவதற்குப் பல நேரங்களில் தனியாகச் சம்மதம் கேட்கவே தேவையில்லை என்று புதிய சட்டம் இடம் கொடுக்கிறது. தேவையான அளவுக்கு மட்டுமே தகவல் பெற வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளை அதற்கு ஈடாக விதிகள் விதிக்கின்றன. ஆகவே கையெழுத்தைக் காட்டிலும் இந்தக் கட்டுப்பாடுகள்தான் நோயாளியைக் காக்கும்.

மக்கள் நல்வாழ்வுத் துறை இவற்றுக்காக 2027 வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு தாள் அல்லது ஒரு அட்டை என்று பதிவேட்டின் வடிவத்தை மாற்ற, ஓர் அச்சக உத்தரவு போதும். தன்னார்வலரின் சொந்தக் கைப்பேசியில் நோயாளியின் படமோ பட்டியலோ தங்காதபடி, துறை தரும் செயலிக்குள்ளேயே பதிவு முடிய வேண்டும். வருகைக்குச் சான்று தேவையென்றால் இடத்தையும் நேரத்தையும் செயலி குறித்துக்கொள்ளட்டும், முகம் வேண்டாம். தன்னார்வலர் பணியிலிருந்து விலகும் நாளில் நோட்டையும் உள்நுழைவு எண்ணையும் திரும்பப் பெற்றதற்குக் கிராம சுகாதார செவிலியர் கையொப்பமிட வேண்டும். பரிசோதனை முடிவைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதற்கு முன் அந்த எண் யாருடையது என்று கேட்பதும் முக்கியம், ஏனெனில் பல வீடுகளில் பெண்கள் கொடுப்பது கணவன் எண்ணையோ மகன் எண்ணையோதான்.

காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்கும் நிகழ்ச்சிகளில் அவர்களை மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதையும், அந்தப் படங்களை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் முகம் தெரிய வெளியிடுவதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை. கொடுப்பவரின் படத்தைப் போடுங்கள். வாங்குபவரின் முகம் செய்திக்குத் தேவையில்லை.

தொண்டு அமைப்புகளின் முகாம்களுக்கு அரசு மருத்துவர்களை அனுப்பும் உத்தரவிலேயே, ஆதார் நகல் வாங்கக் கூடாது என்றும், பதிவுத் தாள்கள் அனைத்தும் முகாம் முடிந்த அன்றே அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் நிபந்தனை சேர்க்குமாறு மாவட்ட சுகாதார அலுவலர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.