பாதி மாத்திரை

அன்புள்ள மகள் கயலுக்கு,

நலம், நலமறிய ஆவல். மருந்தின் அளவு பெண்களுக்கு வேறாக இருக்க வேண்டுமா என்று மருந்துக் கடையில் இருந்த காலத்தில் நான் யோசித்ததுண்டா என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். யோசித்ததில்லை, அம்மா. குழந்தை என்றால் எடையைக் கேட்போம், முதியவர் என்றால் மருத்துவரே குறைத்து எழுதுவார். பெண் என்பதற்காக ஒரு சீட்டும் மாறி வந்ததாக எனக்கு நினைவில்லை.

உன் அம்மா தூக்கமின்றித் தவித்தபோது மருத்துவர் எழுதித் தந்த 10 மில்லிகிராம் சோல்பிடம் மாத்திரையை நான்தான் கடையிலிருந்து எடுத்துவந்தேன். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அவள் அடுப்பருகில் நின்றதையும், உன்னைப் பள்ளியில் விடப்போன காலையில் வண்டியைச் சுவரில் மோதியதையும் கவனக்குறைவு என்றே கடிந்துகொண்டேன். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால், மறுநாள் காலையிலும் வண்டி ஓட்டத் தடையாகும் அளவுக்கு இரத்தத்தில் தங்கிவிடுகிறது என்று சொல்லி, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பெண்களுக்கான அளவை 5 மில்லிகிராமாகக் குறைத்தது 2013இல்தான்.

இதன் வேர் தாலிடோமைடில் இருக்கிறது. மசக்கைக்கு அந்த மருந்தை உட்கொண்ட தாய்மார்களுக்குக் கைகால் குறைந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததால், கருவுறக்கூடிய பெண்கள் எவரையும் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அதே நிர்வாகம் அறிவுறுத்தியது. மணமாகாதவர்களும், கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்களும்கூட அதில் அடக்கம்! 1993 வரை அது நீடித்தது. காப்பாற்றும் எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சோதனைக்கு வேண்டாம் என்று விலக்கப்பட்டவளுக்கே, அப்படிச் சோதித்த மருந்துகளைக் கடையில் விற்றோம்.

ஆஸ்பிரினும் அப்படித்தான். அது முதல் மாரடைப்பைத் தடுக்கும் என்று காட்டிய புகழ்பெற்ற ஆய்வில் இருந்த 22,071 மருத்துவர்களும் ஆண்கள். ஏறத்தாழ 40,000 பெண்களிடம் செய்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தபோது, மாரடைப்பு ஒட்டுமொத்தத்தில் குறையவில்லை, பக்கவாதம்தான் குறைந்தது.

நேற்றிரவு இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லி, அன்று கடிந்துகொண்டதற்கு வருத்தமும் தெரிவித்தேன். “வண்டி மோதிய அன்றிலிருந்தே பாதியாக உடைத்துத்தான் போட்டுக்கொண்டேன், உங்களிடம் சொன்னால் மருத்துவரைவிட உனக்குத் தெரியுமா என்பீர்கள்” என்றாள்.

அன்புடன்,
அப்பா