சன்னதி விளக்குகள் துலக்க வாருங்கள்: ஞாயிறு காலை 7 மணி

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை தீபம் வருகிறது. நம் பிள்ளையார் சன்னதியின் குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, மணி எல்லாவற்றையும் வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு மோட்டார் அறைக் குழாயடியில் துலக்குகிறோம்.

1. வீட்டுக்கு ஒருவராவது வரவும். பழைய புளி, தேங்காய் நார், பருத்தித் துணி கொண்டு வாருங்கள்.
2. முதலில் வெந்நீரும் சீயக்காயும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் புளி வேலை செய்யாது.
3. கம்பி நார் வேண்டவே வேண்டாம், கீறல் விழும்.
4. புளி தேய்த்ததும் நன்றாக அலசி, உடனே ஈரம் போகத் துடைக்கவும். இதுதான் முக்கியம். புளியின் அமிலம் கறுப்பை எடுக்கும்; ஆனால் இடுக்கில் தங்கினால் பித்தளையில் இருக்கும் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். தானாகக் காயட்டும் என்று விட்டாலும் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.
5. கடைசியாக உலர்ந்த விபூதியால் ஒரு தேய்ப்பு.

வீட்டு விளக்குகளையும் கொண்டு வரலாம். முலாம் பூசியவை மட்டும் வேண்டாம்.

அப்புறம், தீபம் முடிந்து உள்ளே வைக்கும்போது மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைப்போம். காற்றும் ஈரமும் படாவிட்டால் சீக்கிரம் மங்காது.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணோடு இங்கேயே பதில் போடுங்கள்.